நாலடி ஏழு அங்குலம்

மீன் தொட்டி வாங்க வருகிறவர்கள் கடை வாசலில் கால் வைத்ததும் மீனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். தங்க மீனா, சண்டை மீனா, எத்தனை விடலாம் என்று. நான் அவர்களைப் பேச விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "எங்க வைக்கப் போறீங்க?" முப்பத்தோரு வருஷம் இதே கேள்விதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. வீட்டுக்குப் போய் இடத்தை அளந்துகொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். இரண்டடி, மூன்றடி, நாலடி என்று அடுக்கி வைத்திருக்கும் தொட்டிகள் யார் வீட்டுச் சுவரை அளந்து செய்யப்பட்டவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் பெயர் ருக்மணி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற விரல்கள் எங்களுடையவை. எனக்கு அந்த முடிச்சு அலுத்துப் போனது. மதுரையில் ஒரு கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது எங்கள் தெருவே வாயில் கை வைத்தது. ஆம்பிளைகள் மட்டும் வேலை பார்க்கிற இடம், கையை அறுத்துக்கொண்டு வருவாள் என்றார்கள். அறுத்துக்கொண்டுதான் வந்தேன். கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் போனேன்.

முதல் இரண்டு வருஷம் துடைத்தேன். படத்துக்குப் போடும் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, பீரோக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் துடைத்தேன். மூன்றாவது வருஷம் வெட்டக் கற்றேன். அதற்குப் பிறகு கடையில் தொட்டி வேலை முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

கடை முதலாளி காதர் பாயைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வெட்டும் மேசைக்கு எதிரே ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நாம் வெட்டும் வைர உருளையை மண்ணெண்ணெயில் நனைத்துக் கண்ணாடி மேல் வைக்கிற அந்த நொடியில், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: "வாய்விட்டுச் சொல்லு."

அளவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீளம், அகலம், உயரம், கண்ணாடியின் கனம். சொல்லி முடித்ததும் அடுத்த கேள்வி வரும்: "கழிச்சாச்சா?"

தொட்டி வேலையில் விழுகிறவர்கள் எல்லோரும் விழும் குழி அதுதான். பதினாலு அங்குல அகலத் தொட்டி என்றால் பக்கக் கண்ணாடியையும் பதினாலு அங்குலத்துக்கு வெட்டிவிடுவார்கள். அது முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார வேண்டியது. எட்டு மில்லிமீட்டர் கனக் கண்ணாடி என்றால் இரண்டு பக்கத்துக்கும் பதினாறு மில்லி கழிக்க வேண்டும். பசை நிற்பதற்கு இன்னொரு இரண்டு மில்லி. கண்ணாடியும் கண்ணாடியும் நேராக முட்டினால் பசை பிதுங்கி வெளியே வந்துவிடும், இடையில் ஒன்றும் மிஞ்சாது. "கண்ணாடி தண்ணியத் தாங்குறதில்லம்மா. நடுவுல காஞ்சு ரப்பரா நிக்கிற பசைதான் தாங்குது" என்பார் பாய்.

அவர் கடைக்கு இன்னொரு சட்டம் இருந்தது. செய்த தொட்டி கடை வாசலில் மூன்று நாள் தண்ணீரோடு நிற்க வேண்டும். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் தர மாட்டார். கல்யாண வீட்டுக்கு அவசரம் என்று வந்தவரைக்கூட அனுப்பிவிட்டார். நல்ல சட்டம்தான். அந்தச் சட்டத்தோடுதான் நான் மோதினேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆனி மாசக் கடைசியில் செல்வி கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பாவாடை நாடா. அதில் மூன்று முடிச்சுகள்.

"அக்கா, அளக்க டேப்பு இல்ல. இதான் இருந்துச்சு. நீளத்துக்கு இந்த முடிச்சு, அகலத்துக்கு இது, ஒசரத்துக்கு இது. இம்புட்டுத்தான் எடம்."

அளந்து பார்த்தேன். நாலடி ஏழு அங்குல நீளம், பதினாலு அங்குல அகலம், பதினாறு அங்குல உயரம்.

"நாலடித் தொட்டி ரெடியா இருக்கேம்மா" என்றேன்.

"நாலடி வச்சா ஓரத்துல சுவருதேன் தெரியும். அவருக்குச் சுவரு தெரியக் கூடாதுக்கா."

அவள் புருஷன் முருகேசன் மினி பஸ் டிரைவர். பஸ் கூரையில் ஏறி மூட்டையைக் கட்டும்போது தவறி விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம். கழுத்தை இடது பக்கம் மட்டும்தான் திருப்ப முடியும். அந்தப் பக்கம் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் வெறும் சுவர்தான் அவருக்கு இருந்த உலகம். அதன் நீளம் நாலடி ஏழு அங்குலம்.

"டிவி வச்சுக் குடுத்தேன். அதப் போட ஒரு ஆளு, அமத்த ஒரு ஆளு வேணும்ங்கிறாரு. மீனுன்னா அதுபாட்டுக்கு ஓடும்ல, வச்சுக் குடுறீன்னு சொல்லிட்டாரு. கேக்காதவரு கேட்டுட்டாருக்கா."

இடம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் தனியாகக் கட்டிய ஒற்றை அறை. லாட்ஜுக்குள் போகாமல் மேலே ஏற வெளிப்பக்கம் ஒரு இரும்புச் சுருள் படி. போய்ப் பார்த்தேன். ஆளே ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். செய்து முடித்த தொட்டி அந்தப் படியில் ஏறாது. கண்ணாடிகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அறைக்குள்ளேயே ஒட்டினால்தான் உண்டு.

பாயிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"கடை வாசல்ல நிக்காத தொட்டி நம்ம தொட்டி இல்லம்மா."

"அங்கயே தண்ணி ஊத்தி நிக்க வைக்கிறேன் பாய்."

"அங்க ஒடஞ்சா?"

"ஒடையாது."

"அப்படிச் சொல்றவங்க தொட்டிதான் ஒடையும். நாலடித் தொட்டியக் கயிறு கட்டி ஏத்து. இல்லாட்டி வேணாம்னு சொல்லிரு."

"ஏழு அங்குலத்துக்கு அந்த மனுசன் சுவரப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா? நான் லீவு எடுத்துக்கிறேன். கடை பேரச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் நான் அவர் பேச்சை மீறியது அதுதான் முதல் தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து கண்ணாடிகளையும் சாக்கில் சுற்றி நானும் செல்வியும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினோம். ஆடி பிறந்து காற்று ஆரம்பித்துவிட்டது. மாடியில் வைத்து ஒட்டினால் புழுதி ஈரப் பசையில் ஒட்டும். அதனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துச் செய்தோம். முருகேசன் இடது பக்கம் கழுத்தைத் திருப்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டால் விளிம்புகளைத் துடைத்தோம். துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது. மூட்டு ஓரங்களில் டேப் ஒட்டினோம். பசை அடிக்கும்போது காடி வாடை அறை முழுக்கப் பரவியது. பூஞ்சை பிடிக்காத மருந்து கலந்த பசையும் கடையில் கிடைக்கும். அது குளியலறைக்குத்தான் ஆகும், மீனைக் கொன்றுவிடும். இதையெல்லாம் செல்விக்குச் சொல்லிக்கொண்டே செய்தேன். அவள் பசைத் துப்பாக்கியை வாங்கி ஒரு மூட்டுக்கு அவளே அடித்தாள். ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம்வரை கையை எடுக்கவில்லை. எனக்கு அந்தக் கை வர ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஏழு நாள் காய விட்டோம். அடுத்த ஞாயிறு, வெல்டிங் கடையில் செய்து வாங்கிய இரும்பு ஸ்டாண்டைச் சுவரோரம் வைத்து, தெர்மாகோல் விரித்து, தொட்டியை ஏற்றி வைத்தோம். ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. அகலவாக்கிலும் வைத்தேன். சரியாக இருந்தது. செல்வி குடம் குடமாக ஊற்றினாள்.

முக்கால் தொட்டி நிறைந்தபோது முருகேசன் கட்டிலில் இருந்து சொன்னார்: "அக்கா, தண்ணி ஒண்ணா இல்லையே."

"என்னது?"

"முன்னால வலது மூலையில தண்ணி மேல ஏறி நிக்கிது. வண்டியில ஒரு பக்கமா ஆளு ஏறுனா சாயும்ல, அந்த மாதிரி. கொஞ்சந்தேன். ஆனா இருக்கு."

நான் நின்றுகொண்டு பார்த்தேன். அவர் கண் தண்ணீர் மட்டத்துக்கு நேராக இருந்தது, என் கண் அதற்கு மேலே இருந்தது. அந்த வித்தியாசத்தை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

"ரசமட்டம் சரியாத்தான் காட்டுது தம்பி. நான் இருபது வருசத்துக்கு மேல இந்த வேலை பாக்குறேன்" என்றேன்.

தொட்டியை முழுக்க நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் செல்வி போன் செய்தாள். முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது. அடிக் கண்ணாடி மூலைக்கு மூலை கீறல் விட்டுத் தண்ணீர் அத்தனையும் இறங்கிவிட்டது. சுவர் ஓரத்து வெடிப்பு வழியாகக் கீழே லாட்ஜ் அறைக்குள் கொட்டி, அங்கே தங்கியிருந்த ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளரின் பெட்டி நனைந்திருக்கிறது. நான் ஓடிப்போனபோது லாட்ஜ் ஓனர் ராஜாங்கம் சுருள் படியின் அடியில் நின்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"மனுசன் கெடக்கானேன்னு எரக்கப்பட்டு விட்டா, என் கட்டடத்த இடிக்கப் பாக்குறீகளா? இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரணும். ஆமா, சொல்லிட்டேன்!"

மேலே போனேன். ஈரத் தரையில் செல்வி உட்கார்ந்திருந்தாள். முருகேசன் என்னைப் பார்த்து, "விடுங்கக்கா. சுவரு பழகிருச்சு" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

கடைக்குப் போய்ப் பாயிடம் நானே சொன்னேன். அவர் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"வாய்விட்டுச் சொல்லு" என்றார்.

சொன்னேன். நீளம், அகலம், உயரம், கழித்தது, காய விட்ட நாள், நீளவாக்கு மட்டம், அகலவாக்கு மட்டம்.

"மூலைக்கு மூலை?"

அதைப் பார்க்கவில்லை. பழைய கட்டடத்துத் தரை, புது ஸ்டாண்டு. நாலு காலில் ஒரு கால் முழுசாக ஊன்றவில்லை. காலியாக இருந்தபோது மட்டம் சரியாகக் காட்டிய ஸ்டாண்டு, தண்ணீர் பாரம் ஏறியதும் முறுக்கிக்கொண்டது. கண்ணாடி எடையைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. படுத்திருந்தவர் கண்ணுக்குத் தெரிந்தது, நின்றிருந்த எனக்குத் தெரியவில்லை. சொன்னபோது நான் கேட்கவும் இல்லை.

"போதும். விட்ரு" என்றார் பாய்.

"விட மாட்டேன் பாய். திரும்பச் செய்யப் போறேன்."

"ருக்மணிம்மா, வேலை போயிரும்."

"போனாப் போகட்டும். நான் ஒடச்சத நான்தான் நிக்க வைக்கணும்."

நான் ஒரு எட்டு மில்லிக் கண்ணாடியைத் தூக்கி அவர் கண் முன்னாலேயே வெட்டும் மேசையில் போட்டேன்.

"எம்புட்டு?" என்று கேட்டார்.

"அம்பத்தஞ்சுக்குப் பதினாலு."

"கழிச்சாச்சா?"

"அடிக் கண்ணாடிக்குக் கழிக்கிறது கிடையாது பாய்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் வெட்டினேன்.

இரண்டாவது தடவை அதிக வேலை. நாலு பக்கக் கண்ணாடிகள் முழுசாக இருந்தன. ஆனால் காய்ந்த பசை மேல் புதுப் பசை பிடிக்காது. பழையதைப் பொடிகூட விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும். கித்தார்க் கம்பியைப் போன்ற ஒரு மெல்லிய கம்பியை மூட்டுக்குள் விட்டு அறுத்து நாலையும் பிரித்தேன். செல்வி நான்கு நாள் பிளேடால் சுரண்டினாள். முடிந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகும் விரலால் தடவிப் பார்த்தால் வழவழப்பு இருந்தது. "இன்னும் இருக்கு" என்பேன். திரும்பச் சுரண்டுவாள். அவள் விரல் நுனிகள் என் விரல் நுனிகளைப் போல ஆகிவிட்டன.

இந்தத் தடவை ஒட்டிக் காய்ந்த தொட்டியை அறைக்குள் நிரப்பவில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து அங்கே தண்ணீரோடு நிற்க வைப்பது என்று முடிவு செய்தேன். மூன்று நாள் போதாது, ஏழு நாள். வெறும் தொட்டியே ஒரு சின்ன ஆள் எடை இருக்கும். தூக்க ஆள் தேடியபோது, மறுபடி லாட்ஜில் தங்க வந்திருந்த, பெட்டி நனைந்த அந்த விற்பனையாளர் தானாகவே மேலே ஏறி வந்தார். "எதுக்காக என் பெட்டி நனஞ்சதுன்னு பாத்துட்டுப் போறேன்" என்றார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மூலையைப் பிடித்தார்.

தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் ராஜாங்கம் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"திரும்பவுமா? எம்புட்டு எடைம்மா இது? கூரை தாங்குமா?"

"எல்லாம் சேத்து நாலு ஆளு எடைண்ணே. இப்ப நீங்க, நானு, செல்வி, இந்த சாரு, நாலு பேரும் ஒரே எடத்துல நிக்கிறோம். இடியுதான்னு பாருங்க."

அவர் சட்டென்று ஓரடி தள்ளி நின்றார்.

"ஏழு நாள் நிக்கட்டும்ணே. தெனம் காலையில நீங்களே வந்து பாருங்க. ஒரு சொட்டு எறங்குனா தொட்டிய நானே ஒடச்சு எடுத்துட்டுப் போயிடுறேன். எறங்கலைன்னா காலி பண்ணச் சொல்லக் கூடாது. சுவரோரத்து வெடிப்பையும் நீங்க பூசிக் குடுக்கணும்."

"வெடிப்பு எதுக்கு?"

"தண்ணி எறங்குனது எங்க தொட்டியிலருந்து. உங்க ரூமுக்குள்ள வந்தது உங்க வெடிப்பு வழியா."

விற்பனையாளர் சிரித்துவிட்டார். ராஜாங்கம் இறங்கிப் போனார். ஆனால் தினமும் காலையில் வந்தார். மூன்றாம் நாளிலிருந்து காபி டம்ளரோடு வந்தார்.

ஏழாவது நாள் சுருள் படியில் வேறு ஒரு காலடி கேட்டது. காதர் பாய். முட்டி வலிக்காரர், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறி வந்திருக்கிறார். சட்டைப் பையில் இருந்து செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து, அடி மூட்டு நெடுக வைத்துத் தேய்த்துக்கொண்டே போனார். நாலு பக்கமும் தேய்த்துவிட்டுத் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒரு ஈரப் புள்ளிகூட இல்லை.

"இது என் கடைத் தொட்டி இல்ல" என்றார்.

"இல்ல பாய். செல்வி தொட்டி."

"ஆனா தொட்டிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப இறங்க ஆரம்பித்தார். மறுநாள் நான் வேலைக்குப் போனேன். என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

அறைக்குள் வைக்கும்போது ரசமட்டத்தை நான் எடுத்தேன், ஆனால் முருகேசன் சொன்னபடிதான் செய்தோம். ஸ்டாண்டு மேல் கனமான பிளைவுட் பலகை, அதன் மேல் தெர்மாகோல். கால் பகுதி தண்ணீர் ஊற்றுவோம், அவர் பார்ப்பார். "முன்னால வலது காலுக்கு ஒரு தகடு குடுங்க… இன்னும் ஒண்ணு… ம்ம், நின்னுருச்சு." அரை, முக்கால், முழுசு. கடைசியில் மீன்களை விட்டபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை. செல்விதான் பயந்துபோய், "என்னங்க, பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"செத்த பேசாம இருத்தா. பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அடுத்த ஆடிக்குள் செல்வி வேறு ஆறு வீடுகளுக்குத் தொட்டி செய்திருந்தாள். கீழக்குயில்குடியில் ஒரு வீட்டு மாடிப்படிக்கு அடியில் முக்கோணமாக ஒன்று செய்தாள். அதன் அளவைக் கேட்டு நானே கொஞ்சம் தயங்கினேன். தன் அறையிலேயே ஒட்டுவாள், படியில் இறங்காத அளவு என்றால் வாங்குகிறவர் வீட்டிலேயே போய் ஒட்டுவாள். ஸ்டாண்டு வைக்கும் இடத்தில் போனை மட்டத்துக்கு நேராக வைத்து வீடியோவில் காட்டுவாள், இங்கே கட்டிலில் இருந்து முருகேசன் சொல்வார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

போன வருஷம் மணிக்கட்டு ஒத்துழைக்காததால் நான் வேலையை விட்டேன். இந்த வருஷம் பசுமலையில் ஒரு சின்ன ஹாலில் தொட்டிக் கடைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். இப்போது ஜனங்கள் போனில் பார்த்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், செல்வியைப் போல அளவுக்குச் செய்து கொடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். 'வீட்டில் செய்த தொட்டி ஆபத்து, வெடிக்கும், கடைத் தொட்டியே வாங்குங்கள்' என்று நோட்டீஸ் அடித்து எல்லாக் கடையிலும் ஒட்டப் போகிறோம், அனுபவப்பட்டவர் என்று உங்கள் பெயரை அதில் போட வேண்டும் என்றார்கள். பேசவும் சொன்னார்கள். காதர் பாயின் மருமகன்தான் மைக்கை நீட்டினார்.

"அக்கா, வீட்ல செஞ்ச தொட்டி ஒடஞ்சு நீங்க பாத்திருப்பீங்கல்ல? அதச் சொல்லுங்க போதும்."

மைக்கை வாங்கினேன்.

"ஒண்ணு பாத்திருக்கேன். ஆரப்பாளையத்துல ஒரு மாடி ரூம்ல ஒடஞ்சுச்சு. தண்ணி பூரா கீழ் ரூமுக்குள்ள எறங்கிருச்சு. அதச் செஞ்சவங்க கடையில இருபது வருசத்துக்கு மேல வேலை பாத்தவங்க. பேரு ருக்மணி. நான்தான்."

மருமகன் மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார், நான் தரவில்லை.

"அதுல ஒரு தப்பு இருந்துச்சு. அதக் கண்டுபிடிச்சது தொட்டி செய்யவே தெரியாத ஒரு டிரைவரு. சொன்னாரு, நான் கேக்கல. நோட்டீஸ் அடிக்கிறதுன்னா எப்படிக் கழிக்கிறது, எந்தப் பசை, மூலைக்கு மூலை மட்டம் எப்படிப் பாக்குறது, எத்தன நாளு தண்ணி நிக்கணும்னு போட்டு அடிங்க. என் பேரு தாரேன். செய்யாதன்னு அடிச்சா என் பேரு அதுல வராது. வந்தா நான் கிழிப்பேன்."

என் பெயர் இல்லாமலே நோட்டீஸ் அடித்தார்கள். பத்து நாள் கழித்து அதில் ஒன்றை யாரோ செல்வி வீட்டுச் சுருள் படியின் கீழ்ச் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் பிளேடை எடுத்துக்கொண்டு சுரண்டக் கிளம்பினாள். நான் வேண்டாம் என்றேன். வெள்ளைத் தாளும் கொட்டை எழுத்துப் பேனாவும் வாங்கி வந்து, அந்தப் படியிலேயே உட்கார்ந்து எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒட்டினேன்:

'உங்கள் வீட்டு அளவுக்கு மீன் தொட்டி, உங்கள் வீட்டிலேயே செய்து தரப்படும். நீங்களே செய்ய விரும்பினால் சொல்லித் தரப்படும். ஏழு நாள் தண்ணீர் நிறுத்திக் காட்டப்படும். மேலே ஏறி வந்து கேட்கவும்.'

கீழே இரண்டு பெயர்கள் எழுதினேன். முதலில் செல்வி, அடுத்து ருக்மணி. ராஜாங்கம் லாட்ஜ் வாசலில் இருந்து வந்து இரண்டு தாள்களையும் நிதானமாகப் படித்தார். பிறகு உள்ளே போய் ஒரு டேப் கட்டு எடுத்து வந்து, என் தாளின் நாலு மூலையிலும் தானே அழுத்தி ஒட்டினார்.